அவித்த நண்டு, அதே கூடை

பெரம்பூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் உணவு பார்சல் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு கிழக்கு என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

மே மாதம், அப்பாவின் எழுபத்தொன்றாவது பிறந்தநாள். ஒன்பது பேருக்கு அவித்த நண்டும் இறால் தொக்கும் சொல்லியிருந்தோம். "காலையில் காசிமேட்டில் இறங்கிய சரக்கு சார்" என்றார் கடைக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஃபைபர் படகுகள் போகின்றனவே என்று அவருக்காக நானே வாதாடி, என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பார்சல் பத்தரைக்கு வந்தது. உறவினர் எல்லோரும் வந்து இலை போட இரண்டரை ஆகிவிட்டது. அதுவரை நண்டு மேசைமேல் கிடந்தது. அந்தத் தப்பு எங்களுடையது. அம்மா தொக்கை மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்தார். நண்டைச் சுடவைத்தால் சதை வறண்டுவிடும் என்று விட்டுவிட்டோம்.

விடியற்காலை மூன்று மணிக்குத் தம்பி ஆரம்பித்தான். ஆறு மணிக்குள் ஆறு பேர். வாந்தி, வெறும் தண்ணீராகப் பேதி, குடலைப் பிழிகிற வலி. நண்டைத் தொடாத மூவருக்கும் ஒன்றுமில்லை. தொக்கை அவர்களும்தான் சாப்பிட்டிருந்தார்கள். அப்பாவுக்கு நாக்கு வறண்டு, கண் குழிந்து, எழுந்து நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் மூன்று பாட்டில் ஏறிய பிறகுதான் சிறுநீரே கழிந்தது.

"கடல் உணவு சாப்பிட்டீர்களா?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. மலப் பரிசோதனைச் சீட்டில் அதையும் எழுதினார். சொல்லிக் கேட்காவிட்டால் ஆய்வகத்தில் இந்தக் கிருமியைத் தேடாமலே விட்டுவிடலாமாம். மூன்றாம் நாள் முடிவு வந்தது: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். காலராக் கிருமியின் பங்காளி. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்த்திய பொடிமீனைத் தின்று 272 பேர் படுத்து, 20 பேர் இறந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். கடல்நீரில் இயல்பாகவே வாழ்வது, நீர் சூடேறும் மாதங்களில் பெருகுவது. ஆகவே செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும் இதனிடம் பலிக்காது. துள்ளுகிற நண்டிலும் இருக்கும். ஆனால் நன்றாக வேகவைத்தால் செத்துவிடும்.

வெந்த நண்டில் பிறகு எப்படி வந்தது? அதைக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். முன்பக்கம் கூட்டம், அதனால் பின்வாசல் வழியாக. பையன் ஒருவன் நீலப் பிளாஸ்டிக் கூடையில் இருந்த பச்சை நண்டுகளை அண்டாவில் கொட்டினான். வெந்ததும் வாரி, அதே கூடையில் போட்டான். கழுவவில்லை. கூடையின் அடியில் பச்சை நண்டின் தண்ணீர் ஒரு விரற்கடை நின்றது. ஒத்த சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடிய கிருமி இது. பத்தரைக்கும் இரண்டரைக்கும் இடையே எத்தனை பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கக் கூடாது.

கடைக்காரர் அசரவில்லை. "மாம்பழம் சாப்பிட்டிருப்பீர்கள் சார், சூடு பிடித்திருக்கும்." பிறகு, பெரிய மனதுடன், அடுத்த பார்சலில் இருநூறு ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த பார்சலாம்!

பில்லை எடுத்துப் பார்த்தேன். 2022 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பில்லில் இருந்தாக வேண்டும். இதில் கடையின் பெயரும் முருகன் படமும் மட்டும்தான் இருந்தன. உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தேன். "மீதி நண்டு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அன்றைக்கே அருவருப்பில் குப்பையில் கொட்டியிருந்தோம். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பில்லையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அவித்த நண்டோ இறாலோ வாங்கினால் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். உடனே சாப்பிட முடியாதென்றால் வாங்காதீர்கள்.

நேற்று மறுபடியும் அந்தப் பின்வாசலை எட்டிப் பார்த்தேன். நீலக் கூடை இல்லை. புதிதாகச் சிவப்புக் கூடை வாங்கியிருக்கிறார்கள். ஒன்றுதான்.