காருகுறிச்சி மீன் சட்டி: துலக்குகிற பக்குவம் தெரிந்தால் வாங்கலாம்

திருநெல்வேலியிலிருந்து போனால் சேரன்மகாதேவி தாண்டி வருகிற காருகுறிச்சியில் வனைந்த மீன் குழம்புச் சட்டி இது. அகன்ற வாய், நல்ல தடிமன், சுண்டினால் கணீரென்று கேட்கும். அடுப்பிலிருந்து இறக்கின பிறகும் சட்டிச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் குழம்பு தளதளவென்று கொதித்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும், புளி எவ்வளவு ஊற்றினாலும் அலுமினியத்தில் வருகிற மாதிரி உலோக வாடை வராது.

சரி, இதை எப்படிச் சுத்தமாக வைப்பது? மெருகு போடாத மண், முழுக்க நுண்துளை. சோப்பில் ஊறவைத்தால் அதையும் உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் விடும். சுடுதண்ணீர், தேங்காய் நார், பிசுக்கு அதிகமானால் கொஞ்சம் கடலை மாவு, இது போதும். அடியில் பிடித்த கரியும் உள்ளே எண்ணெய் ஏறிக் கறுத்த நிறமும் அழுக்கே இல்லை, கம்பி நாரால் சுரண்டிச் சட்டியைப் பாழாக்காதீங்க. குழம்பு கொதிக்கிற சூட்டில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் எப்படியும் கொதிக்கத்தானே போகிறது என்று மிச்சம் மீதியோடு ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கக் கூடாது, சில கிருமிகள் விடுகிற நஞ்சு கொதித்தாலும் போகாது. கழுவியதும் வெயிலில் நன்றாகக் காய வேண்டும், ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பூத்துவிடும். சிக்கு வாடை வந்தால் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்க.

எனக்கு உண்மையில் கவலை சட்டியைப் பற்றி இல்லை, அரிவாள்மனையைப் பற்றித்தான். சட்டியாவது தினமும் நெருப்பைப் பார்க்கிறது. பச்சை மீன் நறுக்கின அரிவாள்மனை, மீன் அலசின ஏனம், தொட்டி எதுவும் அடுப்பேறுவதில்லை. அரிவாள்மனையைச் சும்மா தண்ணீரில் காட்டிவிட்டு அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்கிப் பச்சையாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். சோப்பும் சுடுதண்ணீரும் அழுத்தித் தேய்ப்பும் அங்கேதான் கட்டாயம் வேண்டும்.

குறை என்று பார்த்தால், மூடி சரியாக உட்காரவில்லை, இண்டக்ஷன் அடுப்புக்கு ஆகாது. மீன் வாடை ஏறிவிட்டால் இறங்காது என்பதால் தேங்காய்ப்பால் சொதிக்கு வேறு சட்டி எடுத்துக்கொள்ளுங்க. புதுச் சட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் வடிகஞ்சி ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவைத்துப் பழக்கணும். வாங்கும்போது உள்ளே தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்து, மூடியையும் பொருத்திப் பார்த்து எடுங்க.