ஆர்21 மலேரியா தடுப்பூசி: விலையில் வெற்றி, நீடிப்பில் கேள்வி

புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21/மேட்ரிக்ஸ்-எம் என்ற மலேரியா தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஐ.நா. அமைப்புகள் கொள்முதல் செய்வதற்குத் தேவையான முன்தகுதிச் சான்றும் அதே ஆண்டு டிசம்பரில் கிடைத்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னர் நிறுவனத்தில் உருவாகிப் புனேயில் பெருமளவில் உற்பத்தியாவது என்ற பாதை, கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நம்மில் பலருக்கும் பழக்கமானதுதான். விலைக்கு ஏற்ற பலனை இந்த ஊசி தருகிறதா, எந்த இடத்தில் இது சறுக்குகிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடும்போது, அதை உருவாக்கிய குழுவின் தலைவரான ஏட்ரியன் ஹில்லின் ஆராய்ச்சி வாழ்க்கையையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக அவர் தேடியது வேறு வகையான ஒரு தடுப்பூசியை.

முதலில் பொருளைப் பார்ப்போம். இது உடனே பயன்படுத்தத்தக்க திரவமாக வருகிறது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, அரை மில்லிலிட்டரை எடுத்துக் குழந்தையின் தசையில் நேரடியாகச் செலுத்திவிடலாம். இதற்கு முன்பே, 2021 அக்டோபரில் பரிந்துரை பெற்ற ஜிஎஸ்கே நிறுவனத்தின் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியில் ஒரு குப்பியில் தூளும் மற்றொன்றில் திரவமும் இருக்கும். இரண்டையும் கலந்த பிறகே ஊசி போட முடியும். வரிசையில் ஐம்பது தாய்மார்கள் காத்திருக்கும் ஒரு கிராமச் சுகாதார நிலையத்தில் செவிலியருக்கு அந்த ஒரு வேலை மிச்சமாவதைச் சிறிய வசதி என்று ஒதுக்கிவிட முடியாது. விலை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஆர்டிஎஸ்,எஸ் ஒரு டோஸ் ஏறத்தாழ 9 யூரோவுக்கு விற்றபோது, ஆர்21 இரண்டு முதல் நான்கு டாலருக்குக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2023 முதல் 2025 வரையிலான காலத்துக்கு 12 ஆப்பிரிக்க நாடுகள் பங்கிட்டுக்கொள்ள முந்தைய ஊசியில் மொத்தம் 1.8 கோடி டோஸ்களே இருந்தன. சீரம் நிறுவனமோ ஆண்டுக்கு 10 கோடி டோஸ் தயாரிக்கும் திறன் தன்னிடம் இருப்பதாகச் சொன்னது. 2023இல் மட்டும் உலகெங்கும் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாகவும், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் மதிப்பிடப்பட்டிருக்கும் நிலையில், போதிய அளவில் கிடைக்கும் என்பதே இந்தப் பொருளின் முதல் தகுதி என்று நான் கருதுகிறேன்.

உள்ளடக்கத்தில் பெரிய புதுமை எதுவும் இல்லை. கொசு கடிக்கும்போது உடலுக்குள் நுழையும் ஸ்போரோசோயிட் என்ற நிலையில் ஒட்டுண்ணியைப் போர்த்தியிருக்கும் மேற்புரதத்தின் ஒரு பகுதியே இரண்டு ஊசிகளிலும் இருக்கிறது. கதிர்வீச்சால் நலிவுறச் செய்த ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தி அவற்றுக்குப் பாதுகாப்பு உண்டாவதை ரூத் நுஸன்ஸ்வைக் 1967இல் நியூயார்க்கில் காட்டிய காலத்திலிருந்து தொடங்கும் வழி இது. முந்தைய ஊசியில் அந்தப் புரதத் துண்டு மஞ்சள்காமாலை-பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தோடு இணைக்கப்பட்டிருந்தாலும், இணைப்பே இல்லாத வெற்று மேற்பரப்புப் புரதம்தான் அதில் நான்கு மடங்கு மிகுந்திருந்தது. ஜென்னர் நிறுவனத்தில் ஆய்வு மாணவியாக இருந்த கேத்தரின் காலின்ஸ் அந்த உபரியை நீக்கி, ஒவ்வொரு மூலக்கூறிலும் மலேரியாப் பகுதி இருக்கும்படி துகளை அமைத்தார். அதனால் 5 மைக்ரோகிராம் போதுமானதாயிற்று. நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் ஊக்கியாக நோவாவேக்ஸ் நிறுவனத்தின் மேட்ரிக்ஸ்-எம் இதோடு சேர்கிறது. அது சிலி நாட்டுச் சோப்புமரப் பட்டையிலிருந்து எடுக்கப்படும் சபோனினைக் கொண்டு செய்யப்படுவது. நம் பூந்திக்கொட்டை நுரைப்பதும் அதே வகைப் பொருளால்தான்.

இந்த எளிமைக்கு ஹில் வந்து சேர்ந்த வழி சுற்றுவழி. டப்ளினில் பிறந்து மருத்துவம் படிக்கத் தொடங்கிய அவர், ஆக்ஸ்ஃபோர்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டை ஆராய்ந்த குழுவில் சேர்ந்தார். பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகளில் ஆல்ஃபா தலசீமியா மரபணு எங்கு அதிகம், எங்கு குறைவு என்று அக்குழு கணக்கெடுத்தபோது, மலேரியா மிகுந்த தாழ்நிலங்களில் அது மிகுந்தும், மலைமேல் ஏற ஏறவும் தெற்கே போகப் போகவும் மலேரியாவோடு சேர்ந்து குறைந்தும் காணப்பட்டது. 1986இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஹில்லும் ஒருவர். மனித உடலின் மரபணுக்களிலேயே மலேரியா தன் தடத்தைப் பதித்திருக்கிறது என்றால், அந்தத் தடத்தைப் பின்பற்றி எதிர்ப்பாற்றலின் இரகசியத்தை அறியலாம் என்பது அவருடைய அடுத்த எண்ணம். அதன்படி காம்பியாவில் கடும் மலேரியா கண்ட குழந்தைகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு, எச்எல்ஏ-பி53 என்ற திசு வகை உடையவர்களுக்குக் கடும் நோய் வருவது குறைவு என்று 1991இல் அவர் குழு அறிவித்தது. ஐரோப்பியர்களிடம் அரிதாகவும் மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் பரவலாகவும் இருக்கும் வகை அது. மக்கள்தொகை அளவில் பார்த்தால், அரிவாள் வடிவ இரத்த அணு மரபணு தரும் பாதுகாப்புக்கு அது ஈடாக இருந்தது.

எச்எல்ஏ மூலக்கூறுகளின் வேலை, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியின் துண்டுகளை வெளியே ஏந்திக் காட்டி, டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை அழைப்பது. ஆகவே கல்லீரல் செல்களுக்குள் ஒரு வாரம்போல ஒளிந்து பெருகும் ஒட்டுண்ணியை டி-செல்களைக் கொண்டே கொல்லும் ஊசி வேண்டும் என்ற முடிவுக்கு ஹில் வந்தார். அடுத்த இருபது ஆண்டுகள் அதற்கே போயின. கிருமியின் மரபணுத் துண்டை உடலுக்குள் சுமந்து செல்லும் ஒரு வைரஸ் கடத்தியால் முதல் டோஸ், மற்றொரு கடத்தியால் அடுத்த டோஸ் என்ற முறையில், சிம்பன்சி அடினோவைரஸையும் நலிவுறச் செய்த அம்மை வைரஸையும் பயன்படுத்திப் பல சோதனைகள் நடந்தன. கென்யாவில் வயது வந்தவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. புர்கினா ஃபாசோவில் சிறு குழந்தைகளிடம் சொல்லத்தக்க பாதுகாப்பு கிடைக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். ஆனால் அந்தக் கடத்தி நுட்பம் வீண்போகவில்லை. மலேரியா ஆய்வுக்காக 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு வந்த சாரா கில்பர்ட் உள்ளிட்டோர் அதே வழியில் வளர்த்த மற்றொரு சிம்பன்சி அடினோவைரஸே கோவிஷீல்டு ஊசிக்குள் இருந்தது. மலேரியாவுக்கோ, டி-செல்லை விட்டுவிட்டு எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடியை) நம்பும் ஆர்21தான் கைகொடுத்தது. தான் நெடுங்காலம் வாதிட்ட கொள்கை அல்லாத ஒன்று பலித்தபோது, தயங்காமல் அதன் பின்னே முழு மூச்சாக நின்றதை ஹில்லின் பெருமைகளில் முதலாவதாக நான் வைப்பேன்.

பலனுக்கு வருவோம். புர்கினா ஃபாசோவின் நனோரோவில் ஹாலிடூ டிண்டோ தலைமையில் 450 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஊக்கி அதிகம் சேர்த்த ஊசி ஓராண்டில் 77 சதவீதப் பாதுகாப்பு தந்ததாக 2021இல் வெளியான முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. நான்கு நாடுகளில் ஏறத்தாழ 4,800 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் இது மழைக்காலத்தில் மலேரியா பரவும் இடங்களில் 75 சதவீதமாகவும், ஆண்டு முழுதும் மலேரியா பரவும் இடங்களில் 68 சதவீதமாகவும் இருந்தது. இந்த எண்களை ஆர்டிஎஸ்,எஸ் ஊசியின் நான்காண்டுக் கணக்கான 36 சதவீதத்தோடு பக்கத்தில் வைத்து, இது இரு மடங்கு சிறந்தது என்று எழுதுவோர் உண்டு. ஓராண்டுக் கணக்கையும் நான்காண்டுக் கணக்கையும் அப்படி ஒப்பிடுவது நேர்மையாகாது. இரண்டையும் ஒரே களத்தில் மோதவிட்ட சோதனை எதுவும் இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக இல்லை. 75 என்ற எண்ணும், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே டோஸ்களைப் போட்டு முடித்த இடங்களில் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. பக்க விளைவுகளில் காய்ச்சலே முதன்மையானது. மூன்றாம் கட்டச் சோதனையில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு அது வந்தது. ஊசி போட்ட அன்று இரவு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புவது அவசியம்.

முக்கியக் குறை நீடிப்பில் இருக்கிறது. ஸ்போரோசோயிட் இரத்தத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதே. அதற்குள் எதிர்ப்புரதம் அதைப் பிடிக்க வேண்டும். தப்பிய ஒன்றே கல்லீரல் செல்லுக்குள் பல்லாயிரமாகப் பெருகிவிடும். மாதங்கள் செல்லச் செல்ல எதிர்ப்புரத அளவு இறங்குவதால், ஐந்து மாத வயதிலிருந்து மாதம் ஒன்றாக மூன்று டோஸ்கள் போட்ட பிறகு, ஓராண்டு கழித்து நான்காவதும் தேவைப்படுகிறது. தப்பி உள்ளே சென்றதைக் கல்லீரலில் வைத்தே தீர்க்கும் இரண்டாவது காவல் இந்த ஊசியில் இல்லை. ஹில் இருபது ஆண்டுகள் தேடியது அதைத்தான்.

இந்தியாவில் இதை எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு மட்டுமே உரியது. சென்னையில் நாம் அதிகம் காணும் வைவாக்ஸ் வகைக்கு எதிராக இதனால் பயனில்லை. பரிந்துரையும் ஃபால்சிபாரம் பரவும் பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கே. அங்கும் கொசுவலையை மடித்து வைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. மற்றத் தடுப்பூசிகளுக்கான வருகைகள் பெரும்பாலும் முடிந்துவிட்ட வயதில், நன்றாக ஓடியாடும் குழந்தையை நான்காவது டோஸுக்காக மட்டும் பல மைல் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அந்த ஒரு வருகை தவறினால் இந்த மலிவான ஊசியின் கணக்கு வெகுவாக மாறிவிடும். விலையைக் குறைத்ததுபோல டோஸ்களின் எண்ணிக்கையைக் குறைக்க இன்னும் வழி கிடைக்கவில்லை.