வேக்ஸ்கேட் வின்ச் வாங்கி ஏமாந்தேன்: கயிற்றைச் சோதிக்காமல் ஆளை இழுக்காதீர்கள்

ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்கு அருகே வசிக்கும் நான், பாதி கட்டிய நிலையில் விற்பனைக்கு வந்த ஒரு பெட்ரோல் வின்ச்சை (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம்) 1,100 டாலர் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். பணம் போனதைவிட, அந்த வின்ச்சை நம்பி என் மகனை நீரில் இறக்கினேன் என்பதுதான் இன்றும் நெஞ்சை அடைக்கிறது. அதே விளம்பர வாசகங்களைப் பார்த்து வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேக்ஸ்கேட் என்பது காலைப் பிணைக்கும் பட்டைகள் இல்லாத, ஸ்கேட்போர்டைப் போன்ற நீர்ப்பலகை. படகு நுழைய முடியாத குறுகிய கால்வாய்களில் அதில் சறுக்க வேண்டுமானால், கரையில் நிறுத்திய வின்ச் கயிற்றைச் சுருட்டி, ஆளை மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். சிறிய என்ஜின், கிளட்ச், செயின், கயிறு சுற்றும் ஸ்பூல், இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவை இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம். எங்களிடம் வெல்டிங் வசதி இல்லாததால், சட்டமும் ஸ்பூலும் தயாராக இருப்பதைத் தேடினோம்.

ஹோண்டா ஜிஎக்ஸ்200 என்ஜின், புதிய கிளட்ச், 1,000 அடி ஸ்பெக்ட்ரா கயிறு, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகம் என்று விளம்பரத்தில் இருந்தது. விற்றவர் இருட்டும் நேரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொல்லி, ஒரே இழுப்பில் என்ஜினை ஓடவிட்டுக் காட்டினார்; கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி, பணச் செயலியில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணத்தை அனுப்பச் செய்தார். இதில் இருந்தது சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், அதாவது வேகம் கூடும்போது தானாகப் பிடித்து ஸ்பூலைச் சுழற்றுவது; என்ஜின் மெதுவாக ஓடும்போது அது பிடிக்காது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுகளைத் தொட்ட பிறகுதான் பிடிக்கும். ஆகவே அவர் காட்டிய ஓட்டத்தில் கிளட்ச், செயின், ஸ்பூல், கயிறு ஆகியவற்றில் ஒன்றுகூடச் சோதிக்கப்படவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாள் மகன் ஏறத்தாழ 90 மீட்டர் தொலைவில் நீரில் அமர்ந்திருந்தான். நான் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கயிறு விறைத்து, கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்தது. அவனோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்த நொடியில் கயிறு அவனை வெடுக்கென்று இழுக்க, அவன் கைப்பிடியை விட்டுவிட்டான். அந்தக் கைப்பிடி நீரின் மேலாகப் பறந்து வந்து, என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இரும்புச் சட்டத்தில் மோதியது. பெயிண்ட் பெயர்ந்த அந்தத் தழும்பு இன்னும் அங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கயிற்றில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன். அடியில் போய்த் தங்கியது. ஸ்பெக்ட்ரா நீரைவிட இலேசான பாலிஎத்திலீன் இழை என்பதால் மிதக்கும். பாரம் ஏறினாலும் மிகக் குறைவாகவே நீளும். நைலான் மூழ்கும், ரப்பரைப் போல நீண்டு, விட்டதும் இழுத்தவர் மீதே திரும்பும். எங்களுக்குக் கிடைத்தது சாயம் பூசிய நைலான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கிளட்சின் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே பிடிமானப் பட்டைகள் தேய்ந்து கருகியிருந்தன. ஹோண்டா என்ற பெயர் ஸ்டிக்கரில் மட்டுமே இருந்தது. கிராங்க் கேஸில் (என்ஜினின் உலோகக் கூட்டில்) பொறித்திருக்க வேண்டிய வரிசை எண்ணைக் காணவில்லை. நகல் என்ஜினில் நல்ல வின்ச் கட்டியவர்கள் நிறையப் பேர் உண்டு. நகலை அசல் விலைக்கு விற்றதுதான் மோசடி. எல்லாவற்றையும்விடக் கொடியது ஸ்பூல்: பக்கத் தட்டை நான்கு இடங்களில் மட்டும் புள்ளி வைத்துப் பற்றவைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவற்றில் ஒரு புள்ளி ஏற்கெனவே விரிந்திருந்தது.

மணிக்கு 32 கிலோமீட்டர் வேகம் என்ற வாக்கும் பாதி உண்மைதான். என்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் ஓட, 10 பல்லும் 60 பல்லும் கொண்ட ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் ஓடும் பற்சக்கரங்கள்) அதை 600 ஆகக் குறைக்கின்றன. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெறும் ஸ்பூலில் அது ஏறத்தாழ 23 கிலோமீட்டரைத்தான் தரும்; கயிறு சுற்றி விட்டம் 30 ஆகும்போது 34ஐத் தொடும். அதாவது, ஆள் கரையை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், கடைசி 30 மீட்டரில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தப் பழகியிருப்போம்.

விற்றவர் பதில் தரவில்லை, விளம்பரத்தையும் எடுத்துவிட்டார். நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் செலுத்திய தொகைக்கு வாங்குபவர் பாதுகாப்பு இல்லை என்று பணச் செயலி கைவிரித்துவிட்டது. படங்களுடன் காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பட்டறை ஒன்றில் பக்கத் தட்டுகளை முழு வட்டமாகப் பற்றவைத்து, ஸ்பூலுக்கு இரும்பு உறையும் என்ஜினை உடனே நிறுத்தும் சுவிட்சும் பொருத்தி வருகிறோம். பழைய வின்ச் வாங்குபவர்கள் பகல் வெளிச்சத்தில் போய், கயிற்றுத் துண்டை நீரில் போட்டுப் பார்த்து, ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை ஒன்றைக் கட்டி முழு நீளத்துக்கும் இழுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.