வேத வாசிப்பு அட்டவணையோடு நாலு வருஷம்: ரப்பர் விளையிலிருந்து

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த கையோடு "இந்த வருஷம் வேதாகமத்தை முழுசா வாசிச்சு முடிக்கணும்" என்று தீர்மானம் எடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். நாலு வருஷமாக எடுக்கிறேன். முடித்தது ஒரே தடவை, அதிலும் ஓட்டைகள் உண்டு.

எனக்கு வேலை ரப்பர் பால் வெட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்கு மேலே. விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளையில், அதாவது தோட்டத்தில், இறங்கினால் ஏழரைக்கு வெட்டு முடியும், அப்புறம் சிரட்டையில் பால் சொட்டி நிற்க இரண்டு மணி நேரம் போல ஆகும், அந்த இடைவெளிதான் என் வாசிப்பு நேரம். வெட்டும்போதே காதில் மாட்டி ஆடியோ கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். காட்டுப்பன்றி வருகிற விளையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

முதல் வருஷம் போனில் ஒரு ஆப். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று எண்ணிக் காட்டும். நாற்பத்தொன்று வரை போனது. ஒரு நாள் மழையில் கரண்டும் டவரும் போய், மறுநாள் திறந்தால் பூஜ்யம். வாசித்த நூற்றுச் சொச்சம் அதிகாரமும் தலையில்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எல்லாம் அழிந்துபோன மாதிரி மனசு விட்டுப்போச்சு. ஆப்பைக் குறை சொல்லவில்லை, அந்த எண்ணுக்காக வாசித்துக்கொண்டிருந்தது நான்தானே.

இரண்டாம் வருஷம் மெக்செய்ன் அட்டவணை. ஸ்காட்லாந்தில் டண்டீ ஊரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் தன் சபைக்காக 1842இல் போட்டது, அடுத்த வருஷமே 29 வயதில் இறந்துபோனார். ஒரு நாளைக்கு நாலு இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். முதல் நாளே ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நாலிலும் முதல் அதிகாரம். வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடிந்திருக்கும். அருமையான ஏற்பாடு, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. பஸ் மாறி மாறி ஏறுகிற மாதிரி இருந்தது, ஒரு கதையில் உட்காருவதற்குள் இறங்கச் சொல்லும். இதில் வேடிக்கை, இப்படி அட்டவணை போட்டு வாசித்தால் வெறும் சடங்காகிவிடும், நாம் பெரிய ஆள் என்ற நினைப்பு வரும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும் என்று அவரே முன்னுரையில் எச்சரித்திருக்கிறார். எனக்கு மூன்றுமே வந்தது.

ஜூலையில் 60 அதிகாரம் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அடைக்க உட்கார்ந்து, விரல் ஓடுகிறது, மனசு ஓடவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மக்களே, என்ன, கடைப் பற்றா அடைக்க? போனது போட்டு. இன்னைக்கு உள்ளத வாசி" என்றாள். அந்த வருஷம் முடியவில்லை, ஆனால் அந்தப் பேச்சை மறக்கவில்லை.

மூன்றாம் வருஷம் பழைய கணக்கு: தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. மொத்தம் 1,189 அதிகாரம், சரியாக வரும். விட்ட நாள் விட்டதுதான், அன்றைய தேதிக்கு உள்ளதில் சேர்ந்துகொள்வேன், விட்டுப்போனதை மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் எடுப்பேன். டிசம்பர் 31 ராத்திரி எண்ணினால் டிக் விழாதவை 94. முடித்தேன் என்று சொல்லலாமா? நான் சொல்லிக்கொள்கிறேன்.

லேவியராகமத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள் என்பார்கள். இந்தக் கணக்கில் அது ஜனவரி கடைசியில் வரும், எங்களுக்கு அது இலை உதிர்கிற காலம், தளிர் வரும் வரை வெட்டு கிடையாது, நாள் முழுக்க சும்மா. ஆனால் வாசிப்பு விட்டுப்போனதும் அப்போதுதான்! சிரட்டை நிறையக் காத்திருக்கிற நேரம் இல்லை என்றால் வேதமும் கையில் வரவில்லை. அதனால் ஒரு அதிகாரத்தை ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு மாற்றினேன், சத்தமாக வாசிப்பது. அம்மாவுக்குக் கண் மங்கல், சின்ன எழுத்து தெரியாது, அதனால் கேட்க ஆள் இருந்தது.

எண்ணாகமம் ஏழு, 89 வசனம். பன்னிரண்டு பிரபுக்கள் பன்னிரண்டு நாள் ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள், அதே வெள்ளித்தாலம், அதே பொன் கரண்டி, பெயர் மட்டும் மாறும். மூன்றாவது ஆளோடு "மீதியும் இப்படித்தான் அம்மா" என்று பக்கத்தைப் புரட்டப் போனேன். "அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை தந்தவங்க பேர வாசிக்கும்போ ஒருத்தன் பேர விட்டா சபையில என்ன நடக்கும்? எல்லாப் பேரையும் வாசி." வாசித்தேன், பன்னிரண்டையும்.

என் மனைவி கேரளத்துப் பாறசாலைக்காரி, அவள் முறை வந்தால் மலையாள வேதம். ஆதியாகமம் அவளுக்கு உல்பத்தி, எண்ணாகமம் சங்க்யாபுஸ்தகம். 23ஆம் சங்கீதம் வாசித்த அன்று "யஹோவ என்றெ இடயனாகுன்னு" என்றாள். நமக்குக் 'கர்த்தர்', 'மேய்ப்பர்', 'இருக்கிறார்' என்று ஒரே மரியாதை. அவளுடையதில் இடையன், அவ்வளவுதான். ஆடு மேய்த்து வியர்த்து வந்து திண்ணையில் உட்கார்ந்த ஆள் மாதிரி கேட்டது. மனப்பாடமாகத் தெரிந்ததை அன்றுதான் நின்று கேட்டேன்.

இப்போது நாலாம் வருஷம். ஓணம் பக்கத்தில் வந்துவிட்டது, எரேமியா ஓடுகிறது. நேற்று 36ஆம் அதிகாரம், ராஜா சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிற இடம். அம்மா கேட்டாள், "எரிச்சுப்போட்டானா? அப்போ இது நமக்கு எப்படிக் கிட்டிச்சு?" திரும்ப வேறொரு சுருளில் எழுதினார்கள், முன்னை விடக் கூடுதலாக என்றேன். "கை கடுத்திருக்கும்" என்றாள். ஏசாயாவில் எனக்கு ஒன்பது டிக் விழவில்லை, அதை அவளிடம் சொல்லவில்லை.