ஒரே அறிவா, தனித்தனி விதிகளா? நீரிழிவுள்ள குழந்தைகளுக்கான ரோபோக்கள் குறித்து

டைப் 1 நீரிழிவுள்ள குழந்தை, தட்டில் உள்ள மாவுச்சத்து எவ்வளவு, அதற்கு இன்சுலின் எவ்வளவு, விளையாடப் போகுமுன் எதையாவது சாப்பிட வேண்டுமா என்று நாள் முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதை 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சிறிது சிறிதாகத் தாமே பழகிக்கொள்ளத் துணைசெய்வதே, ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 2015இல் தொடங்கிய பி.ஏ.எல். (PAL, நலவாழ்வுக்கான தனி உதவியாளர்) திட்டத்தின் நோக்கம். நெதர்லாந்திலும் இத்தாலியிலும் நடந்த அத்திட்டத்தில், மருத்துவமனையில் ஏறத்தாழ 58 செ.மீ. உயரமுள்ள நாவோ என்ற மனித உருவ ரோபோ பேசியது. வீட்டில் டேப்லெட் திரையில் அதன் உருவம் பேசியது. இரண்டும் ஒரே தோழன் என்று குழந்தை நம்ப வேண்டுமானால், அந்தத் தோழனின் அறிவை எங்கே வைப்பது?

முதல் வழி, குழந்தை பயன்படுத்தும் நாட்குறிப்பு, வினாடி வினா, இலக்குகள் என மென்பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி விதிகளை எழுதுவது. இதை விரைவாக உருவாக்கிவிடலாம். ஆனால், கால்பந்து ஆடிவிட்டு வந்த சிறுமி நாட்குறிப்பில் "கை நடுங்கியது" என்று எழுதினால், அது அங்கேயே வெறும் எழுத்தாகக் கிடக்கும். வினாடி வினாவுக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது வழி, ஆன்டாலஜி எனப்படும், எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான அறிவுக் கட்டமைப்பு. பி.ஏ.எல். இதையே தேர்ந்தெடுத்தது. இங்கே நடுக்கம் என்பது இரத்தச் சர்க்கரை தாழ்வதன் அறிகுறி, விளையாட்டு அதற்கொரு காரணம், அதைக் கண்டறிவது ஒரு கற்றல் இலக்கு என்று எல்லாம் பிணைக்கப்பட்டிருப்பதால், அடுத்த முறை ரோபோ அதையே பேச்சாகத் தொடங்க முடியும். அளவீட்டையும் பாருங்கள்: இத்தாலியில் 70 என்று காட்டப்படும் சர்க்கரைத் தாழ்நிலை, நெதர்லாந்தில் 3.9 என்று காட்டப்படும். முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். பின்னது லிட்டருக்கு மில்லிமோல். ஒவ்வொரு பகுதியும் தானே இந்த மாற்றத்தைச் செய்தால் எங்கோ ஓரிடத்தில் பிழை நுழையும். ஓரிடத்தில் வரையறுத்தால் ஓரிடத்தைச் சரிபார்த்தால் போதும். இதற்கான விலை, உழைப்பு. மருத்துவர், உளவியலாளர், நிரலாளர் ஆகியோர் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்ளவே பல அமர்வுகள் பிடிக்கும்.

மூன்றாவது வழி, சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய பெருமொழி மாதிரிகள். குழந்தையின் பேச்சை அவை இயல்பாகப் புரிந்துகொள்கின்றன. முன்னைய இரண்டுக்கும் இல்லாத வரம் அது. ஆனால் தவறான எண்ணையும் அவை அதே இயல்போடு சொல்லக்கூடும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று செவிலியரால் தேடிப் பார்க்க இயலாது. இன்சுலின் அளவைத் தொடும் பேச்சில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, மருத்துவ உண்மையும் இலக்குகளும் பொதுக் கட்டமைப்பில் இருக்கட்டும், மொழி மாதிரி குழந்தையின் சொல்லை அதற்குள் கொண்டுசேர்க்கும் வேலையை மட்டும் செய்யட்டும் என்பதே என் முடிவு. "காலெல்லாம் துவளுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சர்க்கரை தாழ்வோடு இணைக்கலாமா என்பதை அந்தப் பிள்ளையை அறிந்த செவிலியரே உறுதிசெய்து கட்டமைப்பில் சேர்க்க வேண்டும்.