ஸ்டிக்கரில் 8, அதற்கு அடியில் 4.5: ஒரு பீர் கிட் வாங்கி ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் சதவீதத்தை நம்பி, வீட்டிலேயே பீர் போட விற்கும் பீர் கிட் வாங்காதீர்கள். பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் ஈஸ்டை (சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்) தொடவே தொடாதீர்கள். நான் இரண்டையும் செய்தேன். கடைசியில் 20 லிட்டர் பீரைச் சாக்கடையில் ஊற்றினேன். விற்றவரின் பெயரைப் போட்டுச் சண்டை வளர்க்க எனக்கு விருப்பமில்லை. அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். அதே வேலையை இன்னொருவர் உங்களிடம் காட்டினால் அடையாளம் தெரியட்டும்.

நான் இதில் புதியவனும் அல்ல, அதுதான் இன்னும் கேவலம். அதற்கு முன்பே நான்கைந்து கிட் போட்டு, குடிக்கும்படியாகவே வந்திருந்தது. எல்லாம் சாதாரண பீர். ஒரு தடவையாவது கொஞ்சம் ஸ்ட்ராங்காகப் போட்டுப் பார்க்கலாமே என்று ஆசை. அந்த நேரம் பார்த்து ஆன்லைனில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது: "8% ஸ்ட்ராங் கிட், 20 லிட்டர் வரும்."

பெட்டியில் ஒன்றரை கிலோ பை இரண்டு, ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) சேர்த்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த சர்க்கரைப் பாகு. வழக்கமாகக் கிட்டுடன் வரும் அச்சடித்த ஈஸ்ட் சாஷே இல்லை. அதற்குப் பதில் ஒரு ஜிப் கவரில் பழுப்பு நிறப் பொடி, பார்வைக்கு 5 கிராம் இருக்கும். கவர் மேல் மார்க்கர் பேனாவால் "ஸ்ட்ராங் ஈஸ்ட் 18%" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. கேட்டேன். "கூட வர்றது சாதாரண ஈஸ்ட் சார். ஸ்ட்ராங் வேணும்னா அது தாங்காது. அதான் நாங்களே மாத்திக் கொடுக்கறோம்" என்றார். அக்கறையாகத்தான் பேசினார். நானும் நன்றி சொன்னேன்!

கலக்கிய அன்றே முதல் தப்பு நடந்தது. இது என் தப்பு. சுடுநீரில் எக்ஸ்ட்ராக்டைக் கரைத்தேன், குளிர்ந்த நீரை ஊற்றி 20 லிட்டர் கோட்டுக்குக் கொண்டுவந்தேன், நீளக் கரண்டியால் ஒரு சுற்று சுற்றினேன். கீழே இருக்கும் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்து, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் போட்டால் 1.068 காட்டியது (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக் கூட எண் ஏறும்). பக்கத்திலேயே இருக்கும் ஆல்கஹால் அளவுகோலில் கிட்டத்தட்ட 9. சந்தோஷம் தாங்காமல் போட்டோ எடுத்து அனுப்பினேன். "பாத்தீங்களா சார், நாங்க கம்மியாத்தான் சொல்லியிருக்கோம்" என்று பதில் வந்தது.

அந்தப் படத்தில் இரண்டு பொய்கள் இருந்தன. எக்ஸ்ட்ராக்ட் தேன்பாகு மாதிரி கனமானது. நன்றாக அடித்துக் கலக்காவிட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாய் அடியிலிருந்துதான் பிடிக்கிறது, அதனால் எனக்குக் கிடைத்தது பாகு. மேலே நின்றது பாதித் தண்ணீர். இன்னொன்று அந்த ஆல்கஹால் அளவுகோல். திரவத்தில் உள்ள சர்க்கரை எல்லாம் தீர்ந்து அடர்த்தி 1.000-க்கு இறங்கினால் எவ்வளவு ஆல்கஹால் வரும் என்பதைத்தான் அது சொல்கிறது. கிட் பீர் பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்காது. மால்ட்டில் ஈஸ்டால் தின்ன முடியாத மாவுச்சத்துத் துண்டுகள் எப்போதும் மிஞ்சும். எனவே அந்த அளவுகோலை ஒரு தடவை படித்துவிட்டுச் சதவீதம் சொல்கிறவரை நம்பவேண்டாம், அது விற்கிறவராக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும். (சூடாக இருக்கும்போது அளந்தால் தப்பு எதிர்ப்பக்கம் போகும். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸுக்குச் செய்யப்பட்டவை, 30 டிகிரியில் இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டும். ஒரு புள்ளி என்பது 0.001, அதாவது 1.045 என்றால் 45 புள்ளி.)

நான்கு நாள் ஏர்லாக் (வாளி மூடியில் வாயு வெளியேறும் அடைப்பு) குமிழி விட்டது, அப்புறம் அடங்கியது. பத்தாம் நாள் அளந்தேன், 1.019. பதினான்காம் நாளும் 1.019. விற்றவருக்கு எழுதினேன். வெப்பநிலை கம்மியாக இருக்கும் என்றார். வாளியை மெதுவாக ஆட்டிவிடச் சொன்னார். பொறுமையாக இருங்கள், ஸ்ட்ராங் என்றால் நேரம் எடுக்கும் என்றார். மூன்றாவது வாரமும் 1.019-தான்.

சரி, 1.068-லிருந்து 1.019. ஆல்கஹால் கணக்கிட வழக்கமான சூத்திரப்படி வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் 6.4 சதவீதம். எட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தேன். இனிப்பாக இருந்தது. 6.4 என்றால் தொண்டையில் ஒரு சூடாவது தெரியவேண்டாமா? ஒன்றும் இல்லை. அப்போதுதான் முதல் நாளே செய்திருக்கவேண்டிய கணக்கை ஒரு தாளில் போட்டேன்.

எக்ஸ்ட்ராக்ட் கிட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. ஆரம்ப அடர்த்தியை அளக்கவே வேண்டாம், கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிலோ திரவ எக்ஸ்ட்ராக்டைக் கரைத்து மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கினால் ஏறக்குறைய 300 புள்ளி. தூள் எக்ஸ்ட்ராக்ட் என்றால் 365 பக்கம், வெள்ளைச் சர்க்கரை 385 பக்கம். என்னிடம் இருந்தது 3 கிலோ திரவம், அதாவது 900 புள்ளி. அதை 20 லிட்டரால் வகுத்தால் 45. ஆரம்ப அடர்த்தி 1.045, அவ்வளவுதான். எவ்வளவு கலக்கினாலும் எங்கிருந்து பிடித்தாலும் வாளிக்குள் மொத்தம் இருப்பது அதுதான். 1.045-லிருந்து 1.019-க்கு 26 புள்ளி இறக்கம். ஆல்கஹால் 3.4 சதவீதம்.

எட்டு என்று போட்டவர் 3.4 கொடுத்திருக்கிறார். ஆனால் என்னை உறுத்தியது வேறு. ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்திருந்தால்கூட எட்டு வருமா? நல்ல ஏல் ஈஸ்ட் (வீட்டுச் சூட்டில் வேலை செய்யும் பீர் ஈஸ்ட்) ஆரம்பப் புள்ளிகளில் முக்கால்வாசியை இறக்கும். 45-ல் முக்கால் 34. ஆல்கஹால் 4.5 சதவீதம். அதே 3 கிலோவில் எட்டு சதவீதம் வேண்டுமென்றால் ஆரம்பம் 1.081 ஆவது இருக்கவேண்டும். அப்படியென்றால் தண்ணீரை 11 லிட்டரோடு நிறுத்தியிருக்கவேண்டும். 8 சதவீதமும் 20 லிட்டரும் ஒரே பெட்டியில் இருக்க வழியே இல்லை. இதை எழுதிக் கேட்டதும் வந்த பதில்: "ஸ்ட்ராங் வேணும்னா தண்ணி கம்மியா ஊத்தணும் சார், அது எல்லாருக்கும் தெரியும்."

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அந்த "8%" தனியாக ஒட்டிய ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் தயாரிப்பாளர் அச்சடித்த எண் சுத்தமாக இருந்தது: 4.5%. நான் தாளில் போட்ட அதே கணக்கு.

ஸ்டிக்கர் மோசடியைக்கூட விட்டுவிடலாம், ஐந்து நிமிடக் கணக்கில் பிடிபட்டுவிடும். எனக்கு ஆத்திரம் ஈஸ்ட் மேல்தான். 1.011-க்கு வரவேண்டியது 1.019-ல் ஏன் நின்றது? மூன்று தடவை கேட்ட பிறகு ஒத்துக்கொண்டார்: அது ஷாம்பெயின் ஈஸ்ட். பெரிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்துப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறாராம்.

ஷாம்பெயின் ஈஸ்டில் குறை ஒன்றும் இல்லை, திராட்சை ரசத்துக்கு அது அருமையான ஈஸ்ட். திராட்சைச் சாற்றில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும், எளிய சர்க்கரைகள். மால்ட்டில் அதிகம் இருப்பது மால்டோஸ், அதற்கு அடுத்து மால்டோட்ரையோஸ். இந்த மால்டோட்ரையோஸ் மூன்று குளுக்கோஸ் சேர்ந்த துண்டு. பீர் ஈஸ்ட்களில் பெரும்பாலானவை இதைத் தின்னும், திராட்சை ரச ஈஸ்ட்களில் பெரும்பாலானவை தின்னாது. என் வாளியில் நின்றுபோன இனிப்பு அதுதான்.

அந்த 18% என்பது அந்த ஈஸ்ட் எவ்வளவு ஆல்கஹாலுக்குள் சாகாமல் தாக்குப்பிடிக்கும் என்ற எண். அது உண்டாக்கும் அளவு அல்ல. 18 கிலோ தூக்கக்கூடியவர் கையில் 5 கிலோ மூட்டையைக் கொடுத்தால் 5 கிலோதானே தூக்குவார்? மூட்டை என்பது சர்க்கரை. அதைக் கூட்டாமல் ஈஸ்டை மட்டும் மாற்றி ஸ்ட்ராங் ஆக்குகிறேன் என்று யார் சொன்னாலும், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சரி, நல்ல ஏல் ஈஸ்ட் ஒன்றைப் போட்டு மிச்சத்தை முடிக்கலாம் என்று முயன்றேன். ஒரு வாரம் கழித்தும் 1.019. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஷாம்பெயின் ஈஸ்ட் வகைகள் பலவற்றுக்குக் கொல்லும் குணம் உண்டு. அவை விடும் ஒரு நச்சுப் புரதம் சாதாரண பீர் ஈஸ்டைச் சாகடித்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றை முதலில் போட்டுவிட்டால், பின்னால் போகிற பீர் ஈஸ்டுக்கு வாளி சுடுகாடுதான்.

கடைசியாக அவர் கொடுத்த யோசனைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "பாட்டில்ல போடறப்போ சர்க்கரையை டபுளாப் போடுங்க, ஸ்ட்ராங் ஆயிடும்." இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் போல சர்க்கரை போடுகிறோம். அதிலிருந்து வரும் ஆல்கஹால் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. அதை இரட்டிப்பாக்கினால் ஏறுவது போதை அல்ல, அழுத்தம். அதோடு என் பீரில் இன்னும் 8 புள்ளி சர்க்கரை மிச்சம் இருந்தது. பாட்டிலுக்குள் அதைத் தின்னக்கூடிய ஏதாவது ஒரு காட்டு ஈஸ்ட் நுழைந்தால் போதும். இரண்டு புள்ளி இறங்கினால் பாட்டில் கொள்ளளவுக்குச் சமமான ஒரு மடங்கு வாயு சேரும், எட்டுப் புள்ளிக்கு நான்கு மடங்கு. சாதாரண கண்ணாடி பாட்டில் அதைத் தாங்காது, வெடிக்கும். கண்ணாடிச் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்று மாலையே முழுவதையும் கொட்டினேன்.

ஈஸ்ட் வாங்கும்போது நான் இப்போது பார்ப்பது பெயர், தேதி, முத்திரை. உலர் ஈஸ்ட் காற்றுப் புகாமல் அடைத்து வருவதற்குக் காரணம் உண்டு. பிரித்த பாக்கெட்டை மூடிக் குளிரில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்கச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் ஜிப் கவரில் கிடந்தது எவ்வளவு உயிரோடு இருக்கும்? பெயர் தெரிந்தால்தான் எவ்வளவு இறக்கும், எந்தச் சூட்டில் வேலை செய்யும் என்று தேடிப் பார்க்கவும் முடியும். யுஎஸ்-05 மாதிரி ஏல் ஈஸ்ட் 20 டிகிரி பக்கத்தில் சௌகரியமாக ஓடும், 80 சதவீதம் வரைகூட இறக்கும். லாகர் ஈஸ்டான டபிள்யூ-34/70-க்கு இன்னும் குளிர் வேண்டும், 12 முதல் 18 டிகிரி. வேடிக்கை என்னவென்றால், "லாகர்" என்று போட்ட பல கிட்களின் மூடிக்கடியில் இருப்பதே ஏல் ஈஸ்ட்தான். அதில் மோசடி இல்லை, வீட்டுச் சூட்டில் நொதிக்கட்டும் என்று வைக்கிறார்கள்.

பெல் சைஸான் மாதிரியான ஈஸ்ட்களைப் பெயர் தெரியாமல் வாங்கிவிட்டால் கதை நேரெதிர். மற்ற ஈஸ்ட் தொடாத மாவுச்சத்தையும் உடைத்துத் தின்றுகொண்டே போகும். அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் அங்கேயும் வெடிதான்.

பிடிவாதத்தில் அதே கிட்டை வேறு இடத்தில், ஸ்டிக்கர் இல்லாமல் வாங்கி, 11.5 கிராம் ஏல் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைப் போட்டேன். இந்தத் தடவை கை வலிக்கக் கலக்கினேன். குழாயில் பிடித்தாலும் மேலே மொண்டாலும் 1.045. ஒன்பதாம் நாள் 1.011, மூன்று நாள் கழித்தும் அதே 1.011.

பழைய விற்பனையாளர் ஈஸ்டின் விலையை மட்டும் திருப்பித் தந்தார். கிட் "திறக்கப்பட்டுவிட்டதால்" அதற்குக் கிடையாதாம். போன வாரம் அவர் விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். அதே பெட்டி, அதே 20 லிட்டர். ஸ்டிக்கரில் இப்போது 9%.