பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

எங்கள் வீட்டு லேப்டாப் 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, தனியாகப் பதிவு செய்தால் அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கோ இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். காட்பாடி ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். பழையதற்கு அவர்கள் சொன்ன விலை புது பேட்டரி வாங்கக்கூடப் பத்தாது.

அன்று ராத்திரியே ஒரு பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-ஐ ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை, சவுண்ட், டச்பேட் எல்லாம் வேலை செய்தன. மறுநாள் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு நிறுவினேன்.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இடது மூலையில் மெனு, பிரவுசர், எல்லாம் பழகியதுதான். என்னை இந்தப் பக்கம் இழுத்தது பராமரிப்பு. கீழே ஒரு கேடய ஐகான் இருக்கிறது, அப்டேட் வந்தால் அதில் புள்ளி விழும், திறந்தால் சிஸ்டம், பிரவுசர், லிப்ரேஆபிஸ் (எம்எஸ் ஆபிஸ் போன்ற இலவச மென்பொருள்) எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும், நமக்கு நேரம் இருக்கும்போது ஒரு தட்டு தட்டினால் போதும். ஏதாவது கெட்டுப்போனால், முன்பே அமைத்து வைத்திருந்தால், டைம்ஷிஃப்ட் என்ற செயலி சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்பிவிடும் (நம் ஃபைல்களுக்கு பேக்கப் தனியாக வேண்டும், அதை மறக்கக் கூடாது). இந்தப் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, காசு கிடையாது. நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஒரு கம்பெனி போதும் என்று சொன்னாலும் பழைய மெஷினை வைத்திருக்கும் வேறு யாராவது அதைத் தொடர முடிகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கச் சில நிமிஷம்தான் ஆனது. அப்பா தெரு விளக்கு மனுவை அதிலேயே அடித்தார். பாமினியில் இருந்த அவருடைய பழைய கடிதங்களுக்கு மட்டும் அந்த எழுத்துருவைத் தனியாகப் போட வேண்டியிருந்தது.

டாலி, போட்டோஷாப் என்று பிழைப்பே அதில் இருப்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. கேம் நான் ஆடுவதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவமில்லை. மாறிச் சில மாதங்கள்தான் ஆகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் அரிசி மண்டி வைத்திருக்கும் மச்சான் கேட்டபோது, "மண்டி கம்ப்யூட்டர்ல கை வைக்காதீங்க" என்றுதான் சொன்னேன். அவர் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் பழைய டெஸ்க்டாப்புக்காக, பொங்கலுக்குப் போகும்போது அதே பென் டிரைவை எடுத்துப் போனேன்.